எடுத்துச் செல்ல இயலாத உரிமை: பழவேற்காட்டு ஏரிக்கரையில் இடப்பெயர்வும் நகரத் தேர்வும்

ஒரு குடும்பம் தன் ஊரை விட்டு ஏன் செல்கிறது, எவ்வளவு தொலைவு செல்கிறது, செல்லும் நகரத்தை எப்படித் தேர்ந்துகொள்கிறது என்ற கேள்விகளுக்குச் சமூக அறிவியல் ஒன்றேகால் நூற்றாண்டுக்கும் மேலாக விடை தேடி வருகிறது. பிரித்தானியக் குடிமதிப்பீட்டை ஆராய்ந்து 1885இல் இடப்பெயர்வின் விதிகளை வகுத்த ராவென்ஸ்டைன், பெரும்பாலோர் குறுந்தொலைவே பெயர்கின்றனர் என்றும், நெடுந்தொலைவு செல்வோர் பெரும் வணிக, தொழில் மையங்களையே நாடுகின்றனர் என்றும் கூறினார். 1966இல் எவரெட் லீ, பிறந்த ஊரிலிருந்து வெளியே தள்ளும் உந்துகாரணிகள், சென்றடையும் ஊரின் ஈர்ப்புக் காரணிகள், இரண்டுக்கும் இடையே நிற்கும் தடைகள் என்று அதை விரித்துரைத்தார். அவருக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே சார்ல்ஸ் டீபோ, வரியையும் பொதுச் சேவைகளையும் ஒப்பிட்டுத் தமக்கு உகந்த ஊரில் குடியேறுவதன் மூலம் மக்கள் தம் விருப்பத்தை வெளிப்படுத்துகின்றனர் என்று வாதிட்டிருந்தார். இவர்களிடையே வேறுபாடுகள் பல உண்டெனினும் ஓர் அனுமானம் பொதுவானது: பெயர்பவர் தம் உழைப்பையும் திறனையும் விருப்பங்களையும் தம்முடன் சுமந்து செல்கிறார், சுமக்க முடியாதவற்றை விற்றுவிட்டுப் புறப்படுகிறார் என்பதே அது. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டரில் உள்ள பழவேற்காட்டு ஏரியின் கரையில் இந்த அனுமானம் நிற்பதில்லை.

சில்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியான பழவேற்காடு, தமிழகத்திலும் ஆந்திரத்திலுமாகப் பரந்து கிடக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு அதை வங்கக் கடலிலிருந்து பிரிக்க, தெற்கே முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் ஏறி இறங்குகிறது. ஏரியை ஒட்டி மீனவக் குப்பங்களும், சற்று உள்ளே காட்டூர், தத்தைமஞ்சி போன்ற ஏரிப்பாசன வேளாண் ஊர்களும் உள்ளன. கடந்த நானூறு ஆண்டுகளில் இக்கரையில் நெசவாளர், அடிமைகள், வணிகர், மீனவர், உழவர், கூலிகள் ஆகியோரின் பெயர்வை ஒருசேர நோக்கினால், ஒருவர் செல்லும் தொலைவையும் தேரும் நகரத்தையும் தீர்மானிப்பது அந்நகரத்தின் நலன்கள் மட்டுமன்று என்பது புலப்படும். அவருடைய வாழ்வாதார உரிமைகளில் எவை அவருடன் பயணிக்கக்கூடியவை, எவை ஊர் எல்லையிலேயே நின்றுவிடுபவை என்பதே முதன்மையானது. நகரம் எவருக்கு விரும்பத்தக்கது என்ற கேள்வி இதற்குப் பின்னரே வருகிறது.

பழவேற்காடே ஒரு காலத்தில் மக்கள் நாடி வந்த நகரமாக இருந்தது. விசயநகர ஆட்சியில் மலாக்கா வரை துணி அனுப்பிய இத்துறைமுகத்தில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1613இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பி, 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை, சோழமண்டலக் கடற்கரை வணிகத்தை இங்கிருந்தே நடத்தியது. ஆங்கிலேயர் இங்கே இடம்பிடிக்க முயன்று தோற்றனர். 1626இல் ஏரியின் வடபுறக் கடற்கரையில் ஆர்மகானில், அதாவது துர்கராசப்பட்டினத்தில், தங்கிப் பார்த்து அதிலும் நிறைவடையாமல் 1639இல் சென்னைப்பட்டினத்தைத் தேர்ந்தனர். இயற்கை வசதியை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் இந்தத் தேர்வு விளங்காது. அன்று சென்னையில் கப்பலுக்கு ஒதுங்கிடம் இருக்கவில்லை. சரக்கும் ஆட்களும் அலையைக் கடந்து மசூலாப் படகுகளில் கரையேற வேண்டியிருந்தது. பிரான்சிஸ் டே அவ்விடத்தை விரும்பியதற்குத் துணி அங்கே மலிவாகக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பு முக்கியக் காரணம். துணி மலிய வேண்டுமானால் நெசவாளர் வந்து குடியேற வேண்டும். ஆகவே குடியேறுவோருக்கு முப்பது ஆண்டு வரிவிலக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் ஆளுநர் காலெட் காலத்தில் காலடிப்பேட்டையும், 1734இல் சிந்தாதிரிப்பேட்டையும் நெசவுக் குடியிருப்புகளாகவே உருவாயின.

நெசவாளர் இந்த அழைப்பை ஏற்க முடிந்ததற்குக் காரணம் அவர்களுடைய தொழிலின் அமைப்பிலேயே இருந்தது. குழித்தறி என்பது தரையில் தோண்டிய ஒரு குழியும் கழற்றிக் கட்டத்தக்க சில மரக்கூறுகளும்தான். அதைப் புதிய ஊரில் விரைவில் மீண்டும் நிறுவிக்கொள்ளலாம். முன்பணம் கொடுத்த வணிகனோ வரி தண்டிய அதிகாரியோ நெருக்கினால், ஊர் முழுவதும் கிளம்பி வேறோர் அதிகாரியின் எல்லைக்குள் போய்விடும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. இந்த வாய்ப்பே அவர்களின் பேரம் பேசும் வலிமையின் அடிப்படை என்று பிரசன்னன் பார்த்தசாரதி 2001இல் வெளியான தம் நூலில் காட்டியிருக்கிறார். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனி தானே நிலத்தை ஆளும் அரசாகி, நெசவாளர் ஒரு முதலாளியை விட்டு மற்றொருவரிடம் செல்வதைத் தடுக்கத் தொடங்கியபோது அவ்வலிமை சரிந்தது. அவர்களின் திறன் குறையவில்லை, தறியும் மாறவில்லை. அத்திறனை எடுத்துச் சென்று வேறிடத்தில் விலைபேசும் உரிமை மட்டுமே பறிபோனது. திறன் பயணிப்பது ஒன்று, திறனுக்குரிய உரிமை பயணிப்பது வேறொன்று என்ற இந்த வேறுபாட்டைப் பொருளியல் கோட்பாடுகள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

அதே நூற்றாண்டுகளில் பழவேற்காட்டிலிருந்து மிக நெடுந்தொலைவு சென்றவர்களுள் தாமாக எதையும் தேராதவர்கள் பெருந்தொகையினர். 1646ஐ ஒட்டிய பஞ்சம் போன்ற கொடுங்காலங்களில் தம்மையும் தம் பிள்ளைகளையும் விற்க நேர்ந்தோரை டச்சுக் கம்பெனி விலைக்கு வாங்கி, இத்துறைமுகத்தின் வழியே பத்தாவியாவுக்கும் கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பலேற்றியது. பத்தாவியா அன்றைய ஆசியாவின் பெரும் வணிக மையங்களில் ஒன்று. தொலைவையும் சேரிடத்தையும் மட்டும் பதிவு செய்யும் கணக்கில் ராவென்ஸ்டைனின் விதிக்கு இது பொருத்தமான சான்றாகவே தோன்றும். அவ்வாறு தோன்றுவதே அக்கணக்கின் குறை. அதே வங்கக் கடலைத் தென்கிழக்காசியத் துறைகளை நோக்கிக் கடந்த முஸ்லிம் வணிகரோ, அக்கரையில் உறவினரும் கடன் தருவோரும் இருப்பதை அறிந்தே பாய் விரித்தனர். அவர்களின் பெயரும் நம்பகமும் அவர்களுக்கு முன்பே கரை சேர்ந்திருந்தன. ஒரே கடல்வழியில் சென்ற இவ்விரு சாராரையும் நெடுந்தொலைவு இடம்பெயர்ந்தோர் என்ற ஒரே தலைப்பின் கீழ் எழுதுவது ஆய்வுக்கும் அறத்துக்கும் பொருந்தாது.

இனி மீனவர். பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் பட்டினவர் கைக்கொண்டு வரும் முறை பாடு எனப்படும். முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாகப் படும் நீரிடங்களை வகுத்து, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை கட்டுவது என்பதைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, நல்ல இடமும் மோசமான இடமும் எல்லோருக்கும் முறைவைத்துக் கிடைக்கச் செய்வதே அதன் சாரம். இந்த முறையில் பங்கு பெறுபவர் தலைக்கட்டு, அதாவது ஊர் தன் முழு உறுப்பினராக ஏற்றுக்கொண்ட ஆண்மகனும் அவர் குடும்பமும். உரிமை ஊரோடும் சமூகத்தோடும் பிணைந்தது. நிலப்பட்டாவைப் போலச் சந்தையில் விற்றுப் பணமாக்கிக்கொண்டு கிளம்பத்தக்க சொத்து அன்று. அத்துடன் நீரோட்டம், முகத்துவாரம் தூரும் பருவம், காற்றின் போக்கு பற்றிய அறிவும் இந்த ஏரிக்கே உரியது. ஆகவே பாடு உரிமையுள்ள ஒருவர் சென்னைக்குச் சென்றால் கடைநிலைக் கூலியாகவே நுழைய நேர்கிறது. நகரம் தரும் கூலியை ஊரில் கிடைக்கும் வருமானத்தோடு ஒப்பிடும் கோட்பாடு, அவர் விட்டுச் செல்லும் உரிமையின் மதிப்பை எந்தப் பக்கத்திலும் எழுதுவதில்லை. சாரா கோல்ட்ஹார்ட் 2008இல் இந்த ஏரியைப் பற்றி எழுதிய ஆய்வும், பாட்டுரிமை உள்ளோருக்கும் இல்லாதோருக்கும் மாற்றத்தை எதிர்கொள்ளும் வகையில் வேறுபாடு உண்டென்பதை எடுத்துக்காட்டியது. மீன்வளம் குன்றிய நிலையிலும் உரிமையுள்ளவர் நிலைத்து நிற்பதைப் பழமைப் பற்று என்று தள்ளுவது எளிது. கைக்கு வராத இழப்பீட்டைக் கணக்கில் கொண்டு எடுத்த அறிவார்ந்த முடிவு என்று கொள்வதே சரி.

ஆயினும் பாட்டைப் புகழ்ந்து நிறுத்திவிடுவது முழு உண்மையாகாது. அது பிறரை விலக்கியே இயங்குகிறது. ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளருக்கும், பங்கு பெறாத பிற குப்பத்தாருக்கும் அந்த நீரிடங்களில் முறை கிடையாது. பெண்கள் தலைக்கட்டாகக் கருதப்படுவதில்லை. சிற்றூரைச் சாதி ஒடுக்குமுறையின் களமாகக் கண்ட அம்பேத்கர் 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அதைக் கடுமையாகச் சாடியதை இங்கே நினைவுகூர வேண்டும். ஊரில் நிலமும் நீரும் மரியாதையும் மறுக்கப்பட்டவருக்கு, எடுத்துச் செல்ல இயலாத உரிமை என்று ஒன்று இருப்பதேயில்லை. அவருக்குச் சென்னை கூலியைவிடப் பெரிய ஒன்றைத் தருகிறது. அவரைப் பொறுத்தவரை நகரம் விரும்பத்தக்கதே, அந்த விருப்பத்தை ஐயுறவும் யாருக்கும் உரிமையில்லை. இக்கட்டுரை முன்வைக்கும் வாதம் இதனால் வலுப்பெறுகிறதேயன்றிக் குலையவில்லை: ஒரே சாலையின் மறுமுனையில் இருக்கும் ஒரே நகரம் இருவருக்கும் இருவேறு மதிப்புடையதாவது, ஊர் அவர்களுக்கு வழங்கியதும் மறுத்ததும் வேறுவேறு என்பதால்தான்.

காட்டூர்ப் பகுதியின் நிலத்தடி நீர் வேறொரு சிக்கலை முன்வைக்கிறது. உந்துதலையும் ஈர்ப்பையும் ஒன்றையொன்று சாராத இரு காரணிகளாகக் கொள்வது லீயின் வழி. ஆனால் 1960களின் இறுதியிலிருந்து சென்னையின் குடிநீருக்கும் ஆலைகளுக்குமாக மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களின் கிணற்றுத் தொகுதிகளிலிருந்து நீர் இறைக்கப்பட்டது. பாசனத்துக்கு இறைத்ததும் சேர, கடல்நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளேறிக் கிணறுகள் உவர்த்தன. நகரின் ஒரு தெருவில் குழாயில் நீர் வருவது ஈர்ப்பாகவும், மீஞ்சூர்ப் பக்கத்து வயலில் கிணறு உவர்ப்பது உந்துதலாகவும் இரு வேறு பத்திகளில் எழுதப்படுகின்றன. உண்மையில் இரண்டும் ஒரே நீரின் கணக்கு. 2010இல் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரும் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் வந்தபோது, நகரத்தின் தேவைக்காக இதே கரை மீண்டும் ஒருமுறை இடம் தந்தது. வாழத்தக்க நகரங்களைத் தரவரிசைப்படுத்துவோர், நகரத்துக்குள் கிடைக்கும் நீரையும் மின்சாரத்தையும் அளப்பதோடு அவை எங்கிருந்து வந்தன என்பதையும் அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

மின்சாரத்தின் கதையும் இதுவே. 1990களில் வடசென்னை அனல் மின்நிலையம், 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அடுத்த பத்தாண்டில் காட்டுப்பள்ளித் துறைமுகம் என ஏரிக்குத் தெற்கே வரிசையாக எழுந்தவை, வேலை தேடி நெடுந்தொலைவு செல்லும் தேவையைக் குறைக்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவை. காட்டுப்பள்ளிக் குப்பத்து மக்கள் துறைமுகத்துக்காக இடம் மாற்றப்பட்டனர். நிரந்தர வேலை கேட்டு அவர்கள் பின்னர் போராட நேர்ந்தது. அதற்கு முன்பே, 1969இல் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்குத் தேர்வானதைத் தொடர்ந்து, யானாதியர் உள்ளிட்ட தீவுவாசிகள் வெளியேற்றப்பட்டிருந்தனர். இவற்றில் எதிலும் தொலைவு பெரிதன்று, சில கிலோமீட்டர் மட்டுமே. ஆனால் துபாய்க்கு வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவர் தம் ஊர் உரிமையை மீண்டும் கோர முடியும். கரையிலிருந்து சற்றே உள்ளே நகர்த்தப்பட்டவருக்குத் திரும்பிச் செல்லக் கரையே இல்லை. இடப்பெயர்வின் தொலைவைக் கிலோமீட்டரில் அளப்பதைவிடத் திரும்பும் வாய்ப்பால் அளப்பது பொருத்தமானது என்று இங்கே பரிந்துரைக்கப்படுகிறது.

இந்த அளவுகோலுக்குச் சட்டத்தில் ஒரு பாதி இடம் ஏற்கெனவே உண்டு. 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வு, மீள்குடியமர்வுச் சட்டம், நீர்நிலைகளைச் சார்ந்து வாழும் மீனவரையும் படகோட்டிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்ற வரையறைக்குள் கொண்டுவந்தது; நிலமில்லாதவரின் வாழ்வாதாரத்தையும் மதித்த முக்கியமான முன்னேற்றம் அது. ஆனால் அந்த வரையறை, நிலம் கையகப்படுத்தப்பட்டதால் நேர்ந்த பாதிப்புக்கு மட்டுமே பொருந்துகிறது. அலைத்தடுப்புச் சுவராலும் தூர்வாரலாலும் நீரோட்டம் மாறி, முகத்துவாரம் தூர்ந்து, இறால் ஏரிக்குள் ஏறாமற்போனால் ஒரு சென்ட் நிலமும் கையகப்படுத்தப்படவில்லை என்றே பதிவாகும்; அவ்வாண்டு பாடு இறங்கியவரின் வலை வெறுமையாக வந்தாலும் அவர் பாதிக்கப்பட்டவராகார். பின்பு அவர் எண்ணூருக்கோ அம்பத்தூருக்கோ கூலிக்குச் சென்றால், குடிமதிப்பீட்டுப் படிவம் அதற்கான காரணத்தை வேலை என்ற ஒற்றைச் சொல்லில் குறித்துக்கொள்ளும். அப்படிவத்தில் விட்டுவந்த உரிமைக்கென ஒரு பத்தி சேர்ப்பதும், இழப்பீட்டுச் சட்டத்தின் வரையறையைக் கையகப்படுத்தப்படாத நீருக்கும் நீட்டிப்பதும், இக்கரையின் அனுபவத்திலிருந்து எழும் இரு கோரிக்கைகள்.