கல்லும் வடமும் சுருள்வில்லும்

தமிழில் கைப்பிடியைப் பற்றிய பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது. விடாக்கண்டனை உடும்புப் பிடிக்காரன் என்கிறோம். வீம்பனைக் குரங்குப் பிடிக்காரன் என்கிறோம். கல்யாணம் செய்துகொண்டவன் கைப்பிடித்தவன். பிழைப்புக்கு வழியில்லாதவன் பிடிமானம் இல்லாதவன். இத்தனை பேசுகிற நாம், அந்தப் பிடிக்கும் ஒரு சரித்திரம் உண்டு என்று நினைத்துப் பார்ப்பதில்லை. சரித்திரக்காரர்களும் அப்படித்தான். வாளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். வாளைப் பிடித்த கையைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்கள்.

அந்தச் சரித்திரத்தைப் படிக்கப் புத்தகசாலை தேவையில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் ஒரு நடை போய் வந்தால் போதும். இரண்டு ஊருக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் தூரம். மேற்கே மலை, கிழக்கே கரிசல் காடு. தெற்கத்திக் கிராமங்கள் பலவற்றில் சாவடி ஓரத்திலோ கோயில் வாசலிலோ உருண்டையாக ஒரு கல் கிடப்பதைப் பார்க்கலாம். அதை இளவட்டக்கல் என்பார்கள்; இளந்தாரிக்கல் என்பதும் உண்டு. சில கற்கள் நூறு கிலோவையும் தாண்டும்.

அந்தக் கல்லின் பொல்லாத்தனம் அதன் எடையில் இல்லை. அதன் உருவத்தில் இருக்கிறது. அதற்குக் காது கிடையாது, மூலை கிடையாது, விரல் நுழைய ஒரு பள்ளம் கிடையாது. அதே எடையுள்ள நெல் மூட்டை என்றால் சாக்கின் காதைப் பிடித்து முதுகில் ஏற்றிவிடலாம். இந்தக் கல்லோ வழுக்கும். குந்தி உட்கார்ந்து, இரண்டு கையாலும் அதை அணைத்து, முதலில் முழங்காலுக்கு ஏற்ற வேண்டும். அங்கிருந்து நெஞ்சு, நெஞ்சிலிருந்து தோள், தோளிலிருந்து பின்புறமாகத் தரையில் போட வேண்டும். எந்தக் கட்டத்தில் உள்ளங்கை தளர்ந்தாலும் கல் காலில் விழும், ஊர் சிரிக்கும்.

கையின் அமைப்பைச் சற்று யோசித்தால் இந்தச் சோதனையின் கடுமை விளங்கும். விரல்களை மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. அங்கிருந்து நரம்புக் கயிறு போன்ற தசைநாண்கள் மணிக்கட்டு வழியாக விரல்களுக்குப் போகின்றன. பொம்மலாட்டக்காரன் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டு நூலை இழுப்பதில்லையா, அந்த மாதிரிதான். முழங்கைக்குக் கீழே ஒரு கையை வைத்துக்கொண்டு மற்றக் கையின் முஷ்டியை இறுக்கிப் பாருங்கள். சூத்திரதாரி அசைவது தெரியும். விரல்கள் ஒரு பொருளைச் சுற்றி வளைந்தால்தான் அந்தத் தசைகளின் முழு பலமும் வெளிப்படும். சுற்றி வளைக்க முடியாத பொருள் பயில்வானையும் பால்குடிப் பிள்ளை ஆக்கிவிடும். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் தாமஸ் இஞ்ச் என்ற பலசாலி 172 ராத்தல் எடையுள்ள ஒரு குண்டை வைத்துக்கொண்டு பிற பலசாலிகளை ஒரு கையால் தூக்கச் சொல்லிச் சவால் விட்டார். பெரிய பெரிய ஆட்கள் தோற்றார்கள். அதன் கைப்பிடி இரண்டே கால் அங்குலத்துக்கு மேல் பருமன்; ரகசியம் அவ்வளவுதான். அந்த ரகசியம் நம் சாவடிக் கல்லுக்கு ஏற்கனவே தெரியும்!

கல்லைத் தூக்கியவனுக்குப் பெண் கொடுப்பார்கள் என்பது வழக்கு. இது கரிசல் காட்டுக்காரர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததல்ல. காளையைத் தழுவி அடக்கியவனை ஆயர் மகள் மணப்பதாகக் கலித்தொகை சொல்கிறது. புறநானூற்றில் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்து அவனை வீழ்த்தினான். அந்தக் கிள்ளியின் மேல் ஒருதலையாகக் காதல் கொண்டு நக்கண்ணையார் என்ற பெண் மூன்று பாட்டுப் பாடி வைத்திருக்கிறாள். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளோ கனவிலேயே கல்யாணம் செய்துகொண்டவள். மாப்பிள்ளை வந்து கையைப் பற்றியதாகத் தோழியிடம் சொல்கிறாள். ஆக, பிடி என்பது நம்மிடையே இன்னொருவருக்காகப் பிடிப்பதாகவே இருந்திருக்கிறது. தன்னந்தனியாக அறையில் உட்கார்ந்து இளவட்டக்கல் தூக்கியவன் எவனும் இல்லை. ஊர் பார்க்க வேண்டும். ஒருத்தியாவது பார்க்க வேண்டும்.

பிடியைத் தனியாகப் பிரித்து எண்ணாக மாற்றியவர்கள் ஐரோப்பியர். 1798-இல் பிரான்ஸில் ரெஞ்ஞே என்பவர் எஃகு வில் ஒன்றை நசுக்கினால் முள் நகர்ந்து பலத்தைக் காட்டும் கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். 1800-இல் புறப்பட்ட போதேன் என்பவரின் கடற்பயணத்தில் பெரோன் என்ற இளம் விஞ்ஞானி அதை எடுத்துப் போனார். ஆஸ்திரேலியப் பழங்குடிகள், தைமோர் தீவினர் கைகளில் கொடுத்து நசுக்கச் சொன்னார். பிரெஞ்சு மாலுமிகளையும் ஆங்கிலேயர்களையும் நசுக்கச் சொன்னார். வெள்ளையன் பலசாலி என்று முடிவு வந்தது. முன்பின் பார்த்திராத இரும்புச் சாமானை, முன்பின் பார்த்திராத அந்நியன் நீட்டி, ‘அழுத்து’ என்று சைகை காட்டினால் மனிதன் எவ்வளவு அழுத்துவான்? ஈட்டி பிடித்துப் பழகிய கை அது. அதைக் கணக்கில் சேர்க்க அந்தக் கருவியில் முள் இல்லை.

1884-இல் லண்டன் பொருட்காட்சி ஒன்றில் கால்டன் என்ற அறிஞர் மூன்று பென்ஸ் கட்டணம் வாங்கிக்கொண்டு 9,337 பேருடைய உயரம், பார்வை, பிடி எல்லாவற்றையும் அளந்தார். அதற்கு முன்பே, 1841-இல், மெக்காலே தம் கட்டுரையொன்றில் வங்காளிகளை வலுவற்ற உடம்புக்காரர்கள் என்று இகழ்ந்து எழுதியிருந்தார். உடம்பின் பலம் ஆளுகிற உரிமைக்குச் சாட்சி ஆகிவிட்டது.

இந்தச் சூழலில்தான் யூஜின் சாண்டோ 1905-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தார். ஜெர்மனியில் பிறந்து இங்கிலாந்தில் பேர் வாங்கிய பலசாலி. அவர் விற்ற சாமான்களில் ஒன்று, நீளவாட்டில் இரண்டாகப் பிளந்து நடுவே சுருள்வில்கள் வைத்த கைக்குண்டு. பயிற்சி செய்யும்போதெல்லாம் அந்த இரண்டு பாதியையும் சேர்த்து இறுக்கிப் பிடித்திருக்க வேண்டும். வில்களைக் கூட்டிக் குறைக்கலாம். இன்று விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கிற கத்தரிக்கோல் வடிவக் கைப்பிடிக் கருவிக்கு அதைத் தாத்தா முறை என்று சொல்லலாம். சாண்டோ போய்விட்டார்; பெயர் மட்டும் நம்மிடம் தங்கிவிட்டது. கோவையில் தேகப்பயிற்சியால் பேர் வாங்கி, பின்னால் படத் தயாரிப்பாளரான சின்னப்பா தேவர் கடைசி வரை ‘சாண்டோ’ சின்னப்பா தேவர்தான். கை வைக்காத பனியனுக்கும் சாண்டோ பனியன் என்றே பெயர். பெங்களூரில் கே.வி. ஐயர் தேகப்பயிற்சிக்கூடம் நடத்தி, தபால் மூலம்கூடப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அவர் ‘சாந்தலா’, ‘ரூபதர்சி’ என்ற கன்னட நாவல்களையும் எழுதியவர். நாவலாசிரியர்கள் எல்லோரும் நோஞ்சான்கள் என்று நினைக்கும் வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்!

சுருள்வில்லைப் பழிப்பது என் நோக்கம் அல்ல. 2015-இல் இந்தியா உட்பட 17 நாடுகளில் சுமார் 1,40,000 பேரைப் பரிசோதித்த ஆராய்ச்சி ஒன்று வெளியாயிற்று. கைப்பிடி 5 கிலோ குறையக் குறைய மரண அபாயம் 16 சதவிகிதம் கூடுகிறது என்று அதில் கண்டார்கள். பிடி குறைவதால் சாவு வருகிறது என்பதல்ல பொருள். உடம்பு முழுவதும் தளர்வதைக் கை முதலில் சொல்லிவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து பேனா பிடிக்கிற நமக்குக் கருவி வேண்டியதுதான்.

ஆனால் கருவி வேண்டாத கைகளும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அனலில் நின்று, இறுகிக்கொண்டே வருகிற பாலைத் துடுப்பால் விடாமல் கிண்டுகிறவரின் மணிக்கட்டுக்கு எந்தக் குறியீடும் கிடைக்கவில்லை. ராஜபாளையத்தில் 1936-இல் மில் தொடங்கியது. பஞ்சுப் பொதி புரட்டிய கைகளை யாரும் அளக்கவில்லை. பக்கத்துச் சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்கிறார்கள். ஊரார் காயத்துக்கெல்லாம் கட்டுத் துணி தருகிற அந்தக் கைகளின் பலம் எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை.

இந்தக் கைகள் எல்லாம் சேர்ந்து ஒன்றைப் பிடிக்கிற நாள் ஆடிப்பூரம். ஆண்டாள் தேர் தமிழ்நாட்டின் மிகப் பெரிய தேர்களில் ஒன்று. மரச் சக்கரத்தோடு ஓடிய காலத்தில் அது நிலைக்கு வந்து சேர நாள் கணக்கில் ஆகும். இப்போது இரும்புச் சக்கரமும் பிரேக்கும் வந்துவிட்டன. ஆனாலும் வடத்தைக் கைதான் பிடிக்க வேண்டும். அங்கே தனி ஆளின் பிடிக்கு மதிப்பு இல்லை. ஆயிரம் பேர் ஒரே மூச்சில் இழுக்கிறபோது நோஞ்சான் கையும் பயில்வான் கையும் வடத்துக்கு ஒன்றுதான்.

இப்படிச் சொல்லி மங்களம் பாடிவிட்டால் சரித்திரம் பாதிதான் சொன்னதாகும். தேர்வடம் எல்லாக் காலத்திலும் அன்பால் மட்டும் இழுக்கப்பட்டதல்ல. கம்பெனி ஆட்சியில் அதிகாரிகள் கிராமத்துக் குடிகளைக் கட்டாயப்படுத்திக் கொண்டுவந்து தேர் இழுக்க வைத்ததுண்டு. இன்னொரு பக்கம், இழுக்க வந்த கையை ஜாதி சொல்லித் தள்ளியதும் உண்டு. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் யார் வடம் பிடிப்பது என்ற தகராறு நீதிமன்றம் வரை போயிற்று. பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற தேர் 2024-இல்தான் மறுபடி ஓடியது. வயலில் அந்தக் கையின் பலம் வேண்டியிருந்தது. வடத்தில் மட்டும் வேண்டாம் என்றார்கள். பெரோனின் முள் செய்த அநியாயத்துக்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை. இரண்டிலும் கையைப் பார்க்கும் முன்பே அதற்கு உரியவன் யார் என்று பார்த்துவிட்டார்கள்.

இளவட்டக்கல்லுக்கு இந்தப் புத்தி கிடையாது. தெற்கே சில ஊர்களில் இப்போதும் பொங்கலுக்கு இளவட்டக்கல் போட்டி நடக்கிறது; பெண்களும் தூக்குகிறார்கள். ஆணுக்கென்று வைத்த கல், பெண் தூக்கினால் கனம் கூடுவதில்லை. தூக்குகிறவரின் குலம் கோத்திரத்தை அது விசாரிப்பதில்லை. அதற்குத் தெரிந்த ஒரே கேள்வி, ‘உன்னால் முடியுமா?’ என்பதுதான்.

ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்று பழமொழி சொல்கிறோம். ஊர் என்பதில் யார் யார் அடக்கம் என்று அந்தக் கல்லிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.