குகை மண்ணும் ஆற்று மண்ணும்

தஞ்சோங் மாலிமிலிருந்து வடக்கே ஈப்போவுக்குச் செல்லும் நேயர்கள், வழியில் சுண்ணாம்புக்கல் குன்றுகள் செங்குத்தாக நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றில் குகைகள் உண்டு. சில குகைகளில் கோயில்களும், பலவற்றில் வௌவால்களும் உண்டு. வௌவால் எச்சம் நல்ல உரம். அந்த எச்சம் கலந்த மண்ணில் வளரும் ஒரு பூஞ்சணத்தின் கதையையும், அதற்கு மருந்து வந்த கதையையும் இன்று பார்ப்போம்.

1905-ஆம் ஆண்டு, பனாமாவில் கால்வாய் வெட்டும் பணி நடந்த காலம். அங்கே இறந்துபோன தச்சர் ஒருவரின் உடலைச் சாமுவேல் டார்லிங் என்னும் அமெரிக்க மருத்துவர் அறுத்துப் பார்த்தார். நுரையீரல் காசநோய் கண்டதுபோலவே இருந்தது. ஆனால் நுண்ணோக்கியில் தெரிந்தது காசக்கிருமி அன்று. வேறு ஏதோ சிறு உயிர். அதை ஒட்டுண்ணி விலங்கு என்று கருதி, ஹிஸ்டோபிளாஸ்மா என்று பெயரிட்டார். அது பூஞ்சணமே என்பது 1934-இல், அதை ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தபோது உறுதியாயிற்று.

இதே டார்லிங்தான் 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில், ராக்ஃபெல்லர் அறநிறுவனத்தின் கொக்கிப்புழு ஆய்வுக் குழுவுக்குத் தலைமை தாங்கி மலாயா வந்தார். செருப்பில்லாமல் பால்மரம் சீவப் போன நம் முன்னோரை வெளிறச் செய்த புழு அது. காலடி மண்ணில் புழுவைத் தேடியவர் முன்பு கண்டெடுத்த உயிர், இந்நாட்டுக் குகை மண்ணிலும் இருந்தது. அதை 1963-இல் வெளியிட்டவர் பொன்னம்பலம் என்னும் மருத்துவ ஆய்வாளர். மத்திய மலாயாவின் குகை ஒன்றில் எடுத்த மண்ணிலிருந்து அவர் அதைப் பிரித்தெடுத்தார்.

கோயிலுக்குப் போக நாம் அஞ்ச வேண்டியதில்லை. உடல்நலம் உள்ளவருக்கு இது பெரும்பாலும் தெரியாமலே வந்து போகும். எதிர்ப்பு ஆற்றல் குன்றியவருக்கோ உடலெங்கும் பரவும். காய்ச்சல், மெலிவு, ஆறாத வாய்ப்புண் என்று தோன்றும். எக்ஸ்ரே படம் காசநோயைப் போலவே இருப்பதால், காச மருந்தை மாதக்கணக்கில் விழுங்கியும் குணமடையாதவர் உண்டு. அம்மருந்து பூஞ்சணத்தை ஒன்றும் செய்யாது.

பென்சிலின் வந்த பிறகும் பூஞ்சணத்துக்கு மருந்து எளிதில் கிட்டவில்லை. காரணம், உயிரணு அமைப்பில் பாக்டீரியா நமக்குத் தூரத்து உறவு. பூஞ்சணமோ நெருங்கிய உறவு. அதைக் கொல்வது நம்மையும் சுடும். 1950-களின் நடுவில், தென் அமெரிக்காவின் ஓரினோகோ ஆற்றோரத்து மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஆம்ஃபோடெரிசின் பி கிடைத்தது. பூஞ்சண உயிரணுவின் சவ்விலுள்ள எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு அது சவ்வைச் சிதைக்கிறது. நம் சவ்விலுள்ள கொலஸ்டெரால் அதற்கு ஒத்த பொருள் ஆயிற்றே! நரம்பில் ஏற்றும்போது காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வரும், சிறுநீரகமும் கெடும். உயிரைக் காப்பாற்றிய மருந்துக்கே நோயாளிகள் அஞ்சினார்கள்.

பிறகு அதைக் கொழுப்புத் துளிகளுக்குள் அடைத்துச் சிறுநீரகச் சேதத்தைக் குறைத்தனர். இன்று கடுமையான நோய்க்கு முதலில் ஓரிரு வாரம் அந்த ஊசி. பின்னர் இட்ராகோனசோல் என்னும் வாய்வழி மருந்து சுமார் ஓராண்டு.  2021-இல் இந்தியாவில் கொரோனாவைத் தொடர்ந்து கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது தேவைப்பட்டதும் இதே ஆம்ஃபோடெரிசின்தான். அப்போது தட்டுப்பாடு ஏற்பட்டு, நோயாளிகளின் உறவினர்கள் மருந்துக்கடை மருந்துக்கடையாக அலைந்தனர்.