தென்னார்க்காட்டு மணிலாவும் பேண்தகு வழங்கல் சங்கிலியும்

ஒரு பொருள் விளையும் இடத்திலிருந்து பயன்படுத்துவோர் கையை அடையும் வரையுள்ள எல்லாக் கட்டங்களையும் பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமூகம் ஆகிய மூன்று நோக்கிலும் ஆராய்ந்து நடத்துவது பேண்தகு வழங்கல் சங்கிலி மேலாண்மை எனப்படும். 1987-இல் வெளிவந்த புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கைக்குப் பின் இச்சிந்தனை வலுப்பெற்றது. 2008-இல் செயூரிங், முல்லர் ஆகியோரின் ஆய்வுக்கட்டுரை இதற்கு ஒரு கோட்பாட்டுச் சட்டகத்தை அளித்தது. ஆனால் இத்துறை எழுப்பும் வினாக்கள் பழையவை. விழுப்புரம், திண்டிவனம் வட்டார நிலக்கடலையின் வரலாறு இதற்குச் சான்றாகும்.

வயலிலிருந்து மார்செய் வரை

தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட நிலக்கடலை இவ்வட்டாரத்தில் மணிலா என்றும் மல்லாட்டை என்றும் வழங்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மானாவாரி நிலங்களில் இது முக்கியப் பணப்பயிரானது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரித் துறைமுகம் வழியாகக் கடலை பிரான்சின் மார்செய் நகருக்குச் சென்றது. அங்கு பிழியப்பட்ட எண்ணெய் சோப்புத் தொழிலுக்குப் பயன்பட்டது. 1879-இல் திறக்கப்பட்ட விழுப்புரம் – புதுச்சேரி இருப்புப்பாதை இவ்வணிகத்துக்குத் துணையாயிற்று.

விதையின் நலிவு

1890-களில் இச்சங்கிலி அதன் முதல் கண்ணியிலேயே தளர்ந்தது. ஒரே வகை விதையைத் தொடர்ந்து பயிரிட்டதால் வீரியம் குன்றி, நோய் பெருகி, விளைச்சல் சரிந்தது. பயிர்ப்பரப்பும் சுருங்கியது. மொரீசியஸ் வகை எனப்பட்ட புதிய விதை பரவிய பின்னரே சாகுபடி மீண்டது. கப்பலும் இரயிலும் கொள்வோரும் இருந்தும், நல்ல விதை இல்லாதபோது வணிகம் நிலைக்கவில்லை.

மண்வளம் பற்றிய எச்சரிக்கை

இந்திய வேளாண்மையை ஆராய்ந்த ஜான் அகஸ்டஸ் வோல்க்கர் 1893-இல் தம் அறிக்கையை வெளியிட்டார். எண்ணெய் வித்துகளை முழுதாக ஏற்றுமதி செய்தால் மண்ணின் சத்தும் உடன் வெளியேறுகிறது என்பது அவர் வாதம். எண்ணெயை இங்கேயே பிழிந்தால் பிண்ணாக்கு மாட்டுத் தீவனமாகவும் எருவாகவும் நிலத்துக்குத் திரும்பும். இன்றைய ஆய்வாளர் சுழற்சிப் பொருளாதாரம் என்று குறிப்பிடுவதும் இக்கருத்தையே.

திண்டிவனத்தின் பங்கு

விதைச் சிக்கலுக்கு முறையான தீர்வு ஆய்வின் வழியே கிடைத்தது. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் இரகங்கள் ஊரின் பெயரால் டி.எம்.வி. என்று வழங்குகின்றன. குடியாத்தம் கொத்துக்கடலையிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு 1940-இல் வெளியான டி.எம்.வி. 2 இரகம் ஆந்திரம், கர்நாடகம் வரை பல பத்தாண்டுகள் நிலைத்தது. 1967-இல் டி.எம்.வி. 7 வெளியானது.

ஈரமும் எடையும்

தோல் எளிதில் உடைய வேண்டும் என்று கடலையை நனைத்து உடைப்பது பழைய வழக்கம். ஈரமேறிய பருப்பு நீண்ட கடற்பயணத்தில் கெட்டு, எண்ணெயின் தரம் குறைந்தது. உடைப்பு இயந்திரங்கள் வந்த பின் இக்குறை தணிந்தது. ஈரத்தின் மற்றோர் ஆபத்து பின்னரே தெரிந்தது. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. தீவனத்தில் கலந்திருந்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை நஞ்சு இருந்ததே காரணம். அஃப்ளாடாக்சின் எனப் பெயரிடப்பட்ட அந்நஞ்சு, சரியாக உலராத கடலையில் எளிதில் உண்டாகிறது.

விலையிலும் எடையிலும் உழவர் ஏமாறாதிருக்க 1933-இல் சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் இயற்றப்பட்டது. பருத்தி, புகையிலையோடு நிலக்கடலையும் அதில் இடம்பெற்றது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் அவ்வழி வந்தவை.

வரலாறு காட்டுவது

விதை, மண், உலர்த்தல், நியாயமான விலை ஆகிய நான்கும் மணிலா வணிகத்தில் ஒன்றையொன்று சார்ந்திருந்தன. இவற்றுள் முதல் மூன்றும் உழவரின் களத்திலேயே முடிவாகின்றன. ஆகவே, வழங்கல் சங்கிலியை ஆராய்வோர் துறைமுகத்தையும் ஆலையையும் மட்டுமன்றி, மானாவாரி நிலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.