ரெய்டு 0

ரெய்டு 0 என்பது இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சேமிப்பு வட்டுகளை ஒன்றிணைத்து, இயங்குதளத்துக்கு ஒரே வட்டாகத் தோன்றச் செய்யும் முறையாகும். தரவு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு வட்டுகளில் மாறி மாறி எழுதப்படுவதால் இது பட்டையாக்கம் எனவும் அழைக்கப்படுகின்றது. கொள்ளளவு வீணாகாமை, படித்தல் எழுதுதல் வேகம் கூடுதல் ஆகியன இதன் நன்மைகள். இணைக்கப்பட்ட வட்டுகளுள் ஏதேனும் ஒன்று பழுதடைந்தாலும் அனைத்துத் தரவும் இழக்கப்படும் என்பது இதன் பெருங்குறை. திண்மநிலை வட்டுகள் பரவலான பின்னர், 1 டெராபைட் வட்டு ஒன்றை வாங்குவதா, 500 கிகாபைட் வட்டுகள் இரண்டை வாங்கி இம்முறையில் இணைப்பதா என்பது கணினி வாங்குவோரிடையே தொடர்ந்து எழும் கேள்வியாக உள்ளது.

பெயரும் வரலாறும்

அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரையில் ரெய்டு என்னும் பெயர் முன்வைக்கப்பட்டது. விலை குறைந்த பல சிறு வட்டுகளை மிகைமையுடன் அடுக்கி, விலை மிகுந்த ஒரு பெரிய வட்டுக்கு ஈடாக்கலாம் என்பதே அவர்களது வாதம். அக்கட்டுரையில் 1 முதல் 5 வரையான நிலைகள் மட்டுமே விளக்கப்பட்டன. 0 என்னும் நிலை பின்னர் சேர்க்கப்பட்டது. மிகைமை ஏதும் இல்லை என்பதையே அச்சுழியம் குறிக்கின்றது. ஆகவே, பெயரில் மிகைமையைச் சுட்டும் எழுத்து இருந்தாலும் ரெய்டு 0 உண்மையில் அதற்கு முற்றிலும் எதிரானது.

சுழலும் வட்டுகளின் காலத்திலேயே இம்முறையின் பயன் குறித்து ஐயம் எழுப்பப்பட்டது. நிமிடத்துக்கு 10,000 சுற்றுகள் சுழலும் வெஸ்டர்ன் டிஜிட்டல் ராப்டர் வட்டுகள் இரண்டை இணைத்து ஆனந்த்டெக் இணைய இதழ் 2004இல் நடத்திய சோதனையில், மேசைக்கணினியின் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கிடைத்த ஆதாயம் மிகச் சிறியதாகவே இருந்தது. எனினும் திண்மநிலை வட்டுகள் வந்தபோது இக்கருத்து மீண்டும் உயிர்பெற்றது. சோனி நிறுவனம் 2010இல் தனது வயோ இசட் மடிக்கணினிகளில் ரெய்டு 0 முறையில் இணைத்த திண்மநிலை வட்டுகளைப் பொருத்தி விற்றது. அதே ஆண்டில் வெளிவந்த ஓசிஇசட் ரெவோடிரைவ், ஒரே அட்டையில் இரு கட்டுப்படுத்திகளை இதே முறையில் இணைத்திருந்தது.

இயங்கும் முறை

துண்டின் அளவு 64 கிலோபைட் எனக் கொண்டால், 1 மெகாபைட் அளவுள்ள கோப்பு 16 துண்டுகளாகும். ஒற்றைப்படைத் துண்டுகள் முதல் வட்டிலும் இரட்டைப்படைத் துண்டுகள் இரண்டாம் வட்டிலும் இடம்பெறும். இரு வட்டுகளும் ஒரே நேரத்தில் எட்டெட்டுத் துண்டுகளை வழங்குவதால், பெரிய கோப்புகளைத் தொடர்ச்சியாகப் படிக்கும்போது வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும்.

சிறு கோப்புகளுக்கு இது பொருந்தாது. 4 கிலோபைட் தரவைக் கேட்கும்போது அது ஏதேனும் ஒரு வட்டில் உள்ள ஒரே துண்டுக்குள் அடங்கிவிடும். மற்ற வட்டு சும்மா இருக்கும். ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து அச்சிறு தரவு வந்துசேர ஒரு நொடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவிலான நேரம் ஆகுமெனில், எத்தனை வட்டுகளை இணைத்தாலும் அந்நேரம் குறைவதில்லை. இயங்குதளம் தொடங்குதல், செயலிகளைத் திறத்தல் போன்ற பணிகள் பெரும்பாலும் இத்தகைய சிறு வேண்டல்களால் ஆனவை. அளவீட்டு மென்பொருள் காட்டும் எண் இரட்டிப்பாகியும் கணினி முன்போலவே இருப்பதாகப் பயனர் உணர்வது இதனாலேயே.

ஒரே வட்டுக்குள் நிகழும் பட்டையாக்கம்

திண்மநிலை வட்டு எதுவும் உண்மையில் தனி வட்டன்று. அதன் கட்டுப்படுத்தி நான்கு அல்லது எட்டு போன்ற எண்ணிக்கையிலான தடங்கள் வழியாகப் பல ஃபிளாஷ் சில்லுகளுடன் இணைந்து, அவற்றில் தரவைப் பிரித்து எழுதுகின்றது. அதாவது ரெய்டு 0 வெளியே செய்வதை ஒவ்வொரு வட்டும் தன்னுள்ளேயே ஏற்கெனவே செய்துகொண்டிருக்கின்றது. கொள்ளளவு கூடக்கூடச் சில்லுகளின் எண்ணிக்கையும் பொதுவாகக் கூடுவதால், ஒரே வகையில் பெரிய வட்டு சிறிய வட்டைவிட விரைவாக எழுதும். எடுத்துக்காட்டாக, சாம்சங் 970 இவோ பிளஸ் வகையில் 250 கிகாபைட் வட்டின் அறிவிக்கப்பட்ட எழுதும் வேகம் நொடிக்கு 2,300 மெகாபைட்; 1 டெராபைட் வட்டில் அது 3,300 மெகாபைட்.

ஆப்பிள் நிறுவனம் 2022இல் வெளியிட்ட எம்2 மாக்புக் ஏர் கணினி இதனைப் பலருக்கும் தெரியச்செய்தது. முந்தைய எம்1 கணினியின் 256 கிகாபைட் சேமிப்பகம் 128 கிகாபைட் சில்லுகள் இரண்டால் ஆனது. எம்2 கணினியில் அதே கொள்ளளவுக்கு 256 கிகாபைட் சில்லு ஒன்றே வைக்கப்பட்டது. சோதனைகளில் புதிய கணினியின் சேமிப்பக வேகம் பழையதன் ஏறத்தாழ பாதியாகவே இருந்தது. 2024இல் வந்த எம்3 மாக்புக் ஏர் கணினியில் மீண்டும் இரு சில்லுகள் இடம்பெற்றன. ஆக, இரண்டை இணைத்தால் வேகம் என்னும் கூற்று பொய்யன்று. ஆனால் பெரிய வட்டை வாங்குபவர் அவ்விணைப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

இணைப்பு வழியின் எல்லை

மூன்றாம் தலைமுறைச் சாட்டா இணைப்பு நொடிக்கு 600 மெகாபைட்டுக்கு மேல் கடத்த இயலாது. இங்கு இரு வட்டுகளுக்கு இரு தனி இணைப்புகள் கிடைப்பதால், ரெய்டு 0 அந்த எல்லையைத் தாண்ட உதவியது. 2011இல் என்விஎம்இ தரப்பாடு வெளிவந்து, வட்டுகள் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியில் இணைக்கப்பட்டபின் இந்நிலை மாறியது. மூன்றாம் தலைமுறைப் பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்கு தடங்கள் நொடிக்கு ஏறத்தாழ 3.9 கிகாபைட்டும், நான்காம் தலைமுறையில் அதன் இரு மடங்கும் கடத்தும். சாட்டா வட்டுகள் பலவற்றை அடுக்கிப் பெற்ற வேகத்தை ஒரே வட்டு தந்துவிடுகின்றது.

என்விஎம்இ வட்டுகள் இரண்டை இணைப்பவர் தாய்ப்பலகையின் கையேட்டைப் பார்ப்பது நலம். 2015இல் வெளிவந்த இன்டெல் 100 வரிசைச் சில்லுத்தொகுதிக்கும் மையச் செயலிக்கும் இடையிலான வழி நொடிக்கு 3.9 கிகாபைட் அளவினதே. அச்சில்லுத்தொகுதியில் இரு வட்டுகளைப் பொருத்தினால் இரண்டும் அந்த ஒரே வழியைப் பகிர வேண்டும். யூஎஸ்பி, வலையமைப்பு ஆகியனவும் அதனூடேயே செல்லும். ஒரு நல்ல வட்டே அதனை நிரப்பிவிடுமாதலால் இரண்டாவதற்குச் செலவிட்ட பணத்தால் வேகத்தில் பயனில்லை.

தரவு இழப்பு

ஒரு வட்டு ஓராண்டில் பழுதடையும் வாய்ப்பு 2 விழுக்காடு என எடுத்துக்கொள்வோம். இரண்டும் பிழைத்திருக்கும் வாய்ப்பு 0.98 × 0.98, அதாவது 96.04 விழுக்காடு. எனவே ரெய்டு 0 தொகுதி அழியும் வாய்ப்பு 3.96 விழுக்காடு, ஏறத்தாழ இரு மடங்கு. நான்கு வட்டுகளுக்கு அது 7.8 விழுக்காட்டை நெருங்கும். பாதி வட்டுகள் எஞ்சினாலும் பாதிக் கோப்புகள் எஞ்சுவதில்லை. ஒரு துண்டின் அளவைவிடப் பெரிய கோப்பு ஒவ்வொன்றும் இரு வட்டுகளிலும் சிதறியிருப்பதே காரணம். இரு வட்டுகளையும் இணைக்காமல் தனித்தனியாக வைத்திருப்பவருக்கு இத்தகைய இழப்பு நேராது. ஒன்று போனால் மற்றதில் உள்ளவை அப்படியே இருக்கும்.

எழுதுதாங்குதிறனில் வேறுபாடு இல்லை. மேற்கூறிய சாம்சங் வகையில் 500 கிகாபைட் வட்டுக்கு 300 டெராபைட்டும், 1 டெராபைட் வட்டுக்கு 600 டெராபைட்டும் உறுதியளிக்கப்பட்டிருந்தன. கூட்டினால் இரண்டும் ஒன்றே. ஆனால் வட்டுகள் தேய்ந்து மட்டும் அழிவதில்லை. கட்டுப்படுத்தியோ நிலைபொருளோ திடீரெனச் செயலிழப்பதும் உண்டு. ஹியூலட் பேக்கர்டு எண்டர்பிரைசு நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிவிப்பு இதற்குச் சான்று. அந்நிறுவனம் விற்ற சில திண்மநிலை வட்டுகள், நிலைபொருள் பிழை காரணமாக, 32,768 மணிநேர இயக்கத்துக்குப்பின் செயலிழந்து, தரவை மீட்க இயலாத நிலையை அடையும் என அதில் கூறப்பட்டது. ஒரே நாளில் பொருத்தப்பட்ட வட்டுகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அழியும் என்பதால், ஒரே தரவை இரு வட்டுகளிலும் எழுதும் ரெய்டு 1 முறைகூட இங்குக் காப்பாற்றாது. வேறிடத்தில் வைத்த காப்புநகல் ஒன்றே காப்பாற்றும்.

பழுது இல்லாமலும் தொகுதி கலைவதுண்டு. தாய்ப்பலகையின் பயாஸ் அமைப்புகள் இயல்புநிலைக்குத் திரும்பினால் ரெய்டு தெரிவு அணைந்து, வட்டுகள் வெறுமையாகத் தோன்றலாம். அந்நிலையில் தரவு இன்னும் அழிந்திருப்பதில்லை. பதற்றத்தில் வட்டை வடிவூட்டுவதே அதனை அழிக்கின்றது.

பொருத்தமான பயன்பாடுகள்

இழந்தால் மீண்டும் உருவாக்கக்கூடிய தரவுக்கு ரெய்டு 0 ஏற்றது. நிகழ்படத் தொகுப்பின் இடைக்காலக் கோப்புகள், வேறொரு வழங்கியில் மூலம் உள்ள தரவின் இடைமாற்றுப் படிகள் போன்றன இவ்வகையின. என்விடியா நிறுவனம் 2020இல் வெளியிட்ட டிஜிஎக்ஸ் ஏ100 வழங்கியின் அமைப்பு இதனை நன்கு விளக்கும். அதில் இயங்குதளம் ரெய்டு 1 முறையிலான இரு வட்டுகளிலும், பயிற்சித் தரவின் இடைமாற்று ரெய்டு 0 முறையிலான வட்டுகளிலும் வைக்கப்பட்டன. வீட்டுக் கணினியில் ஒளிப்படங்களும் ஆவணங்களும் வைக்கும் ஒருவருக்கு ஒரே பெரிய வட்டே பொருத்தம். தாய்ப்பலகையில் இரண்டாவது இடம் காலியாக இருப்பதும் அவருக்குப் பின்னாளில் உதவும்.

சமமற்ற வட்டுகள்

தாய்ப்பலகை வழி ரெய்டு முறைகளில் தொகுதியின் கொள்ளளவு சிறிய வட்டின் இரு மடங்கு மட்டுமே. 250, 500 கிகாபைட் வட்டுகளை இணைத்தால் 500 கிகாபைட் கிடைக்கும். லினக்ஸின் மென்பொருள் ரெய்டு மட்டும், சிறிய வட்டு நிரம்பியபின் பெரிய வட்டின் எஞ்சிய பகுதியையும் பயன்படுத்திக்கொள்ளும். ஆனால் 3.14ஆம் கருனிப் பதிப்பில் இப்பகுதியின் தரவு அமைவுமுறை கவனக்குறைவாக மாற்றப்பட்டதால், பழைய கருனியில் உருவாக்கிய சமமற்ற தொகுதியைப் புதியதில் பயன்படுத்தினால் தரவு சிதையும் நிலை ஏற்பட்டது. 5.4ஆம் பதிப்பிலிருந்து, எந்த அமைவுமுறை எனப் பயனர் குறிப்பிடாதவரை இத்தகைய தொகுதியைத் திறக்கக் கருனி மறுக்கின்றது.