பல்குழந்தைப் பேறு: மருத்துவமனைப் பராமரிப்பும் குறியீடும்

ஒரே கர்ப்பத்தில் இரண்டோ அதற்கு மேற்பட்டோ குழந்தைகள் பிறப்பது பல்குழந்தைப் பேறு. மருத்துவமனையில் தாய்க்கு ஒரு பதிவும் உயிருடன் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் தனிப் பதிவும் வைக்கப்படுகின்றன. அவற்றில் இடப்படும் குறியீடுகள், உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடான ஐசிடி-10-இலிருந்து எடுக்கப்படுகின்றன.

பராமரிப்பு முழுவதும் ஒரு கேள்வியைச் சார்ந்தது: கருக்களுக்கு நஞ்சு ஒன்றா, இரண்டா? 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது தெளிவாகத் தெரியும். நாளான பிறகு கண்டறிவது கடினம். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரில் 10 முதல் 15 விழுக்காட்டினருக்கு, நஞ்சிலுள்ள இணைப்பு நாளங்கள் வழியாக ஒரு சிசுவின் இரத்தம் மற்றதற்குப் பாய்கிறது. கொடுக்கும் சிசுவின் பனிக்குட நீர் வற்றுகிறது. பெறும் சிசுவின் இதயம் தளர்கிறது. இதைத் தவறவிடாமல் இருக்கவே 16-ஆம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் செய்யப்படுகிறது. முற்றினால், இணைப்பு நாளங்களை லேசரால் அடைப்பதே முதன்மைச் சிகிச்சை. ஆகவே கேஸ் ஷீட்டில் ‘இரட்டைக் கர்ப்பம்’ என்று மட்டும் எழுதுவது போதாது. அமெரிக்கா 2015 முதல் பயன்படுத்தும் ஐசிடி-10-சிஎம், நஞ்சும் பனிக்குடப்பையும் எத்தனை என்பதைக் குறியீட்டிலேயே கேட்கிறது. உலகப் பதிப்பில் ஓ30.0 என்பது இரட்டைக் கர்ப்பத்தை மட்டும் சொல்லும்.

சிக்கலில்லாத இரட்டையருக்கு, தனித்தனி நஞ்சு என்றால் ஏறத்தாழ 37 வாரத்திலும், பொது நஞ்சு என்றால் 36 வாரத்திலும் பிரசவம் திட்டமிடப்படுகிறது. பனிக்குடப்பையும் ஒன்றே என்றால் தொப்புள்கொடிகள் பின்னிக்கொள்ளும் ஆபத்து உண்டு. எனவே 32 முதல் 34 வாரத்துக்குள் சிசேரியன். பேற்று அறையில் குழந்தைக்கு ஒரு குழு என்ற கணக்கில் ஆட்கள் நிற்பார்கள். அளவுக்கு மீறி விரிந்த கருப்பை சுருங்கத் தாமதிப்பதால் தாய்க்கு இரத்தப்போக்கு மிகலாம்; ஆக்சிடோசினும் இரத்தமும் ஆயத்தமாக இருக்க வேண்டும். குழந்தைகளின் கைப்பட்டையில் பிறந்த வரிசையும் நேரமும் உடனே எழுதப்படுகின்றன. ஸ்கேனில் முதலாவது என்று குறித்த சிசு சிசேரியனில் இரண்டாவதாக வெளிவரக்கூடும் என்பதால், பழைய அறிக்கையைப் பார்த்து வரிசையை நிரப்பக் கூடாது.

பிரசவத்தின் முடிவு தாயின் பதிவில் இசட்37 வகையில் குறிக்கப்படுகிறது: இருவரும் உயிருடன் பிறந்தால் இசட்37.2, ஒருவர் மட்டும் என்றால் இசட்37.3, இருவரும் இறந்தே பிறந்தால் இசட்37.4. இசட்38 குழந்தைக்கு உரியது; மருத்துவமனையில் உயிருடன் பிறந்த இரட்டையர் ஒவ்வொருவருக்கும் இசட்38.3. ஐசிடி-10-சிஎம் விதிப்படி, பிறந்த மருத்துவமனையில் ஒரே ஒரு முறைதான் இதை இடலாம். எடை குறைந்த குழந்தை வேறு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றப்பட்டால் அங்கே மீண்டும் இடுவதில்லை. இட்டால் ஒரு பிறப்பு இரண்டாகிவிடும்.

இறந்து பிறந்த குழந்தைக்கு இசட்38 கிடையாது. இசட்37.3 இடவேண்டிய இடத்தில் ஒற்றைப் பிறப்புக்குரிய இசட்37.0 இடப்பட்டால், அந்தக் குழந்தையின் இறப்பு தாயின் பதிவிலிருந்தே மறைந்துபோகும். பிழைத்த குழந்தையும் இரட்டையரில் ஒருவராக அங்கே தெரியாது. பொது நஞ்சு கொண்டவரில் ஒரு சிசு கருப்பையில் இறந்தால் மற்றதன் மூளை பாதிக்கப்படலாம் என்பதால், பிழைத்த குழந்தையைப் பின்னாளில் பரிசோதிக்கும் மருத்துவருக்கு இந்தத் தகவல் அவசியம்.