பாரக் கணக்கு முதல் பட்டப்படிப்பு வரை: தமிழ் அச்சுக்கல்வியும் காஞ்சிபுரமும்

ஒரு புத்தகத்துக்கு எத்தனை ரீம் காகிதம் பிடிக்கும் என்பதை அனுபவமுள்ள அச்சகத்துக்காரர் வாய்க்கணக்காகவே சொல்லிவிடுவார். டெம்மி அளவில் 160 பக்கம் என்றால், பாரத்துக்கு 16 பக்கம் வீதம் 10 பாரம். ஆயிரம் படிக்குப் பத்தாயிரம் தாள். ரீமுக்கு 500 தாள் வீதம் 20 ரீம். மெஷினில் வீணாகும் தாளுக்காக அதன்மேல் கொஞ்சம் கூட்டிக்கொள்வார். இது பொறியியலா, வணிகமா? இரண்டையும் வேறு வேறு பாடமாகப் பிரித்தது வகுப்பறைதான், அச்சுக்கூடத்தில் அந்தப் பிரிவு இருந்ததில்லை என்பது இக்கட்டுரையின் துணிபு.

தரங்கம்பாடியிலேயே இதற்குச் சான்று கிடைக்கிறது. அங்கிருந்த மறைப்பணியாளர் சீகன்பால்குவுக்கு 1712இல் இங்கிலாந்திலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் அளவில் மிகப் பெரியவை. காகிதமோ கப்பலில் வரவேண்டிய சரக்கு. புதிய ஏற்பாட்டின் முற்பகுதி 1714இல் அந்தப் பெரிய எழுத்திலேயே அச்சேறியது. தாள் கட்டாது என்று தெரிந்ததும் உள்ளூரிலேயே சிறிய எழுத்துகளை வார்த்து, எஞ்சிய பகுதியை 1715இல் முடித்தார்கள். பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. எழுத்தின் அளவைக் காகிதத் தட்டுப்பாடு தீர்மானித்தது. அந்த முடிவை எடுத்தவர்கள் நுட்பத்தையும் செலவையும் ஒரே மூச்சில் யோசித்தார்கள்.

1835ஆம் ஆண்டுச் சட்டம் அச்சகம் நடத்துவதற்கிருந்த தடைகளைத் தளர்த்தியபின் இந்தியர்கள் பரவலாக அச்சகம் தொடங்கினர். அங்கே கல்வி என்பது பழகுவதுதான். பையன் எழுத்துப் பிரித்துப் போடுவதில் ஆரம்பிப்பான். கைக்கு எழுத்துப் பெட்டியின் அறைகள் பழகியபின் கம்போசிங் ஸ்டிக்கைப் பிடிப்பான். ட்ரெடில் மெஷினுக்குப் போவதற்குள் ஆண்டுகள் ஓடிவிடும்.

காஞ்சிபுரத்தின் அச்சு வரலாற்றைப் பட்டும் கோபுரமும் மறைத்துவிட்டன என்பது என் நெடுநாள் வருத்தம். பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் (1891–1983) இங்கிருந்து கிரந்தமாலா வழியாக வைணவ நூல்களை வரிசை வரிசையாக வெளியிட்டார். தமிழோடு நாகரியும் கோக்க வேண்டிய பதிப்பு வேலைக்கு எழுத்துப் பெட்டிகள் இரட்டிப்பாகும்; ஈயத்தில் முடங்கும் முதலும் அப்படியே. நெசவுக் குடும்பத்தில் பிறந்த அண்ணா 1942இல் ‘திராவிட நாடு’ வார இதழை இதே ஊரில் தொடங்கினார். உலகப்போர் நடந்துகொண்டிருந்த, காகிதம் அருமையாகிப்போன நேரம் அது. பச்சையப்பன் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர் அவர். எழுதுவதோடு வாரந்தோறும் தாளுக்கும் அஞ்சலுக்கும் வழி பார்க்க வேண்டியதும் இதழ் நடத்துபவரின் பாடுதான். காஞ்சியில் இந்தக் கூட்டறிவு புதிதன்று. பாவுக்கு எவ்வளவு பட்டு, ஊடைக்கு எவ்வளவு, ஜரிகை எத்தனை மார்க், கோர்வைக்குக் கூலி என்ன என்று பார்க்கும் மாஸ்டர் வீவருக்கும் தறி வேறு, கணக்கு வேறு அன்று.

விடுதலைக்குப் பின்னர்தான் அச்சுக்கு முறையான பள்ளிகள் வந்தன. 1950களில் தொடங்கி சென்னை உட்பட நான்கு வட்டாரங்களில் மத்திய, மாநில அரசுகளின் ஆதரவோடு அச்சுக்கல்வி நிறுவனங்கள் அமைந்தன. அவை தந்தது டிப்ளமோ, தேவைப்பட்டவர்கள் மேற்பார்வையாளர்கள். பட்டப்படிப்புக்கு இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

1978 இவ்வரலாற்றில் முக்கியமான ஆண்டு. பெரியார் 1935இல் ‘குடி அரசு’ இதழில் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு அவ்வாண்டு ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலியவற்றின் தனி வடிவங்கள் போயின. கம்போசிட்டரின் பெட்டியில் அறைகள் குறைந்தன. அதே ஆண்டில் கிண்டிப் பொறியியல் கல்லூரியை உள்ளடக்கி அண்ணாவின் பெயரில் பல்கலைக்கழகம் உருவானது. காஞ்சியில் வார இதழ் நடத்தியவரின் பெயர் தாங்கிய அந்த வளாகத்தில் 1980களின் தொடக்கத்தில் அச்சுத் தொழில்நுட்பம் பொறியியல் பட்டப்படிப்பாயிற்று. இந்தப் பொருத்தம் எனக்கு இன்றும் நெகிழ்ச்சி தருகிறது.

மை வேதியியல், நிற அறிவியல், ஆஃப்செட் இயந்திரம் ஆகியவற்றுக்கு அங்கே ஆய்வகம் கிடைத்தது. இது பெரிய பேறு. பழகிக் கற்றவருக்கு மை ஏன் உலர்கிறது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. ஆனால் செலவு மதிப்பீடும் மேலாண்மையும் இயந்திரத்தை விட்டு விலகித் தனித் தேர்வுகளாயின. படிப்பின் இழப்பு இதுவே என்று கருதுகிறேன். முதலாளியே ஃபோர்மேனாகவும் கணக்கராகவும் இருக்கும் சிவகாசியின் குடும்ப அச்சகங்களில் அந்த விலகல் நேரவில்லை. காலண்டர் சீசனுக்கு முன்பே காகிதம் வாங்கி வைப்பதும், எந்த மெஷினில் எந்த வேலையை ஏற்றுவது என்பதும் அங்கே ஒரே ஆளின் முடிவு.

கிண்டித் துறையின் பெயரில் பின்னாளில் பேக்கேஜிங்கும் சேர்ந்தது. இணைய வருகையால் புத்தகமும் பத்திரிகையும் தளர, அட்டைப்பெட்டி வளர்ந்தது. காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் முகூர்த்தப் புடவையை வைத்துத் தரும் பெட்டியை எடுத்துக்கொள்வோம். அட்டையின் இழை எந்தப் பக்கம் ஓடினால் மடிப்பில் வெடிக்காது, கோபுரப் படத்துக்குத் தங்க ஃபாயில் எவ்வளவு, ஒரு முழு அட்டையில் எத்தனை பெட்டி வெட்டலாம், துண்டு விழுவதில் விலைச்சீட்டு அடிக்கலாமா? மூடியை ஓர் அங்குலம் குறைத்தால் ஒரு பெட்டி கூடுதலாக விழும். ஆனால் ஜரிகைக் கரை மடிந்துவிடும்.