கழித்துவிட்ட ரவுட்டர்கள்: வீட்டு நெட்வொர்க் லேப்பின் வரலாறு

நிறுவனங்கள் கழித்துவிட்ட ரவுட்டர்களையும் சுவிட்சுகளையும் விலைக்கு வாங்கி வீட்டில் நெட்வொர்க் லேப் அமைக்கும் வழக்கம், 1990-களின் பிற்பாதியில் அமெரிக்காவில் பரவத் தொடங்கியது. அதற்கு முதல் காரணம் ஒரு தேர்வு. 1993-இல் ரவுட்டர் தயாரிக்கும் சிஸ்கோ நிறுவனம், நெட்வொர்க் பொறியாளர்களுக்கான சி.சி.ஐ.ஈ. என்ற சான்றிதழ்த் தேர்வைக் கொண்டுவந்தது. எழுத்துத் தேர்வில் தேறியவர்கள் அடுத்து இரண்டு நாள் உண்மையான கருவிகளின் முன் உட்கார வேண்டும். கொடுத்த வரைபடத்தின்படி நெட்வொர்க்கை அமைக்க வேண்டும். பிறகு, தேர்வாளர் வேண்டுமென்றே நுழைத்த கோளாறுகளைத் தேடிப் பிடித்துச் சரிசெய்ய வேண்டும்.   கட்டளைகளை மனப்பாடம் செய்து இதில் தேற முடியாது, கை பழகியிருக்க வேண்டும். 1998-இல் சி.சி.என்.ஏ. என்ற தொடக்கநிலைத் தேர்வும் வந்ததும், கை பழக்க இடம் தேடுவோர் கூட்டம் பல மடங்கானது. வேலை செய்யும் அலுவலகத்தின் ரவுட்டரில் பயிற்சி செய்ய எந்த மேலாளரும் விடமாட்டார்.

இரண்டாவது காரணம் ஒரு வீழ்ச்சி. 2000 மார்ச்சில் உலகிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனம் என்ற இடத்தைத் தொட்ட சிஸ்கோ, அடுத்த ஆண்டே விற்காமல் தேங்கிய சரக்கில் 200 கோடி டாலருக்கும் மேல் நட்டக் கணக்கு எழுதியது. அந்த நிறுவனத்திடம் கருவிகளை வாங்கிக் குவித்திருந்த டாட்காம் கம்பெனிகளும் இணையச் சேவை நிறுவனங்களும் வரிசையாகத் திவாலாயின. அவற்றின் ரேக்குகள் பழைய சாமான் தரகர்கள் கைக்கு வந்து, அங்கிருந்து ஈபே ஏலத்துக்குப் போயின. நொடிக்காத நிறுவனங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கருவிகளை மாற்றுவது வழக்கம். தேய்மானக் கணக்கில் மதிப்பு பூஜ்யமான பெட்டி, நன்றாக ஓடினாலும் வெளியே போகும். மலிவு விலையை உண்டாக்கியது பெரும்பாலும் கணக்குப் புத்தகம்தான். கருவியின் பழுது அபூர்வம்.

இந்த லேப்புகளின் அடையாளமாக நின்றது சிஸ்கோ 2500 வரிசை. 20 மெகாஹெர்ட்ஸ் மோட்டோரோலா 68030 சில்லு, 16 எம்பி ஃபிளாஷ் என்ற வரம்பு, ஓயாமல் இரையும் மின்விசிறி. வேகத்தில் இது எதற்கும் உதவாது. ஆனால் பெரிய ரவுட்டர்களில் ஓடும் அதே சிஸ்கோ ஐ.ஓ.எஸ். மென்பொருள் இதிலும் ஓடியது, படிப்பவருக்குத் தேவை அதுதான். 2501-இல் ஒரு ஈதர்நெட், இரண்டு சீரியல் போர்ட். ஈதர்நெட்டும் 15 முனை ஏ.யு.ஐ. வடிவில் இருந்ததால், சாதாரணக் கேபிள் செருகத் தனியாக ஒரு டிரான்ஸீவர் வாங்க வேண்டும். 2502, 2504 இன்னும் மலிவாகக் கிடைக்கும். அவற்றில் இருந்தது ஈதர்நெட் அல்ல, வழக்கொழிந்துகொண்டிருந்த டோக்கன் ரிங். விவரம் பாராமல் வாங்கியவர்களுக்குக் கடைசியில் சீரியல் போர்ட்டுகள் மட்டுமே மிஞ்சின.

தொலைபேசிக் கம்பெனியின் வேலையையும் வீட்டுக்குள்ளேயே செய்துகொள்ள வேண்டியிருந்தது என்பதுதான் இதில் சுவையான பகுதி. இரண்டு ஊர்க் கிளைகளை இணைக்கும் வாடகை இணைப்பில் கடிகாரத் துடிப்பைத் தருவது தொலைபேசிக் கம்பெனி. வீட்டில் அந்த இணைப்பு ஒரு முழக் கேபிளாகச் சுருங்கும், அதன் துடிப்பைத் தரும் பக்கமான டி.சி.இ. முனை செருகிய ரவுட்டரில் துடிப்பின் வேகத்தை நிர்ணயிக்கும் கட்டளையைக் கொடுக்காவிட்டால் இணைப்பு உயிர் பெறாது. ஃபிரேம் ரிலே என்ற தொலைதூர இணைப்பு முறையைப் பழக, 10 சீரியல் போர்ட் கொண்ட 2522 போன்ற ஒரு பெட்டியை நடுவில் வைத்து, அதையே தொலைபேசிக் கம்பெனியின் சுவிட்சாக வேடம் போட வைத்தார்கள். ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்புக்கு அந்த வித்தை பலிக்கவில்லை. அதற்கான சிமுலேட்டர், லேப்பில் உள்ள ரவுட்டர்கள் எல்லாவற்றையும்விட விலை கூடியதாக இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் கன்சோல் கேபிளை மாற்றி மாற்றிச் செருகும் தொல்லையைத் தீர்த்தது 2511: எட்டுத் தலைக் கேபிள் இரண்டைச் செருகினால், 16 கருவிகளின் கன்சோலும் ஒரே திரைக்கு வந்துவிடும். சி.சி.ஐ.ஈ. செய்முறைத் தேர்வு 2001 அக்டோபரில் ஒரு நாளாகச் சுருங்கியபோது கைவேகத்தின் அவசியம் இன்னும் கூடியது.

சட்டப்படி பார்த்தால் எல்லாமே நேராக இல்லை. பெட்டி கைமாறலாம், ஐ.ஓ.எஸ். உரிமம் அதோடு மாறாது என்பது சிஸ்கோவின் நிலை. பழைய ரவுட்டர் வாங்கிய பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தவில்லை. போலிச் சரக்கும் சந்தையில் புகுந்தது. சிறு சீரியல் கார்டுகள் முதல் சுவிட்சுகள் வரை சிஸ்கோ முத்திரையோடு போலிகள் வந்தன. அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்திய ‘ஆபரேஷன் சிஸ்கோ ரெய்டர்’ பற்றி 2008-இல் வந்த அறிவிப்பு, 400-க்கும் மேற்பட்ட பறிமுதல்களையும் 7.6 கோடி டாலர் மதிப்பையும் சொன்னது.

2005 ஆகஸ்டில் பிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் ஃபியோ, டைனமிப்ஸ் என்ற நிரலை எழுதத் தொடங்கினார். சிஸ்கோ 7200 ரவுட்டரின் வன்பொருளைச் சாதாரணக் கணினிக்குள் போலச்செய்து, அசல் ஐ.ஓ.எஸ்.ஸையே அதில் ஓட்டியது அது. அதன் மேல் ஜெரமி கிராஸ்மன் கட்டிய ஜி.என்.எஸ்.3, வரைபடத்தில் ரவுட்டர்களை இழுத்து வைத்தால் போதும் என்ற நிலையைக் கொண்டுவந்தது. அலமாரி நிறைய இருந்த 2500-கள் விலை போகாத சுமையாயின. சுவிட்ச் மட்டும் தப்பியது. அது பாக்கெட்டுகளைக் கடத்துவது அதற்கென்றே வடித்த சில்லுகளில். அவற்றைப் போலச்செய்ய டைனமிப்ஸால் ஆகவில்லை. அதனால் ரவுட்டர்கள் கணினிக்குள்ளும், கேட்டலிஸ்ட் 3550, 3560 சுவிட்சுகள் மேசை மேலுமாக ஒரு கலப்பு லேப் பல ஆண்டு நீடித்தது. 2014-இல் சி.சி.ஐ.ஈ. ரவுட்டிங் தேர்வின் ஐந்தாம் பதிப்பு ஃபிரேம் ரிலேயை நீக்கி, கருவிகளையும் மெய்நிகராக மாற்றியது. தேர்வே பெட்டியைக் கைவிட்ட பின் படிப்பவர்கள் அதை வைத்திருக்கக் காரணம் இல்லை.

பழைய கருவிச் சந்தை அதோடு ஓயவில்லை, வாங்குபவர்கள்தான் மாறினார்கள். 2009-இல் வெளிவந்த டெல் ஆர்710 போன்ற சர்வர்கள் தரவு மையங்களிலிருந்து கழிந்து வந்தபோது, ஒரே பெட்டியில் பத்துப் பன்னிரண்டு மெய்நிகர் கணினிகளை ஓட்ட விரும்பியவர்கள் அவற்றை எடுத்துக்கொண்டார்கள். பழைய மெலனாக்ஸ் நெட்வொர்க் கார்டுகளால் 10 ஜிகாபிட் வேகம் வீட்டுக்குள் வந்தது. ஐகியாவின் லாக் மேசையின் கால்களுக்கு இடையிலுள்ள அகலம் 19 அங்குல ரேக் கருவிக்குப் பொருந்துவதைக் கண்டு, அதையே ரேக்காக்கியவர்களும் உண்டு. இரைச்சலும் மின்கட்டணமும்தான் இந்தத் தலைமுறையின் நிரந்தர வம்பு.

மேகக் கணிமை வழியாக நிர்வகிக்கும் கருவிகள் வந்த பிறகு சிக்கல் வேறு வகையானது. 2012-இல் சிஸ்கோ 120 கோடி டாலருக்கு வாங்கிய மெராக்கி வகைப் பெட்டிகள் உரிமம் புதுப்பிக்கப்பட்டால்தான் இயங்கும். முந்தைய உரிமையாளர் தம் கணக்கிலிருந்து விடுவித்தால்தான் புதியவர் பெயரில் பதிவாகும். திவாலான கம்பெனியின் கணக்கில் மாட்டிக்கொண்ட பெட்டியை விடுவிக்க ஆள் கிடைக்காது. 2501-க்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. கடவுச்சொல் தெரியாமல் வந்த பெட்டியைக்கூட, கன்சோல் வழியாகச் சில நிமிடங்களில் வாங்கியவர் தம்முடையதாக்கிக்கொள்ளலாம்.